காளான் குடில்ல லைட், ஃபேன் வயரிங்: வீட்டுக்காரம்மாவுக்கு ஷாக் அடிச்சிருச்சு, எப்படிப் பாதுகாப்பா மாத்தறது?

கோபி_சிப்பிக்காளான்

வணக்கமுங்க. நாங்க கோபிசெட்டிபாளையம் பக்கம். வீட்டுக்குப் பின்னாடி 30க்கு 15 அடியில தென்னங்கீத்துக் கொட்டகை போட்டு ஒன்றரை வருசமா சிப்பிக்காளான் பண்ணிட்டு இருக்கறோம், ஒரு நேரத்துல 250 பெட் (வைக்கோல் அடைச்ச காளான் பை) தொங்கும், முழுக்க வீட்டுக்காரம்மாதான் பாத்துக்கறாங்க, நான் காலையில வேலைக்குப் போயிட்டா ராத்திரிதான் வருவேன். கீழ மணல் பரப்பியிருக்கு, சுத்தியும் சணல் சாக்கு கட்டி நனைச்சு விட்டிருக்கறோம், மீட்டர்ல ஈரப்பதம் எப்பவும் 85க்கு மேலதான் காட்டும்.

போன வியாழக்கிழமை சாயங்காலம் காளான் பறிச்சுட்டு இருந்தப்ப எக்ஸாஸ்ட் ஃபேனோட இரும்பு ஃபிரேம்ல கை பட்டு சுரீர்னு அடிச்சிருச்சுங்க. கைய உதறி எடுத்துட்டாங்க, கூடை காளானோட கீழ விழுந்துருச்சு. அதுக்கப்புறம் ரெண்டு மணி நேரம் கை மரத்துப்போன மாதிரியே இருந்துச்சுன்னு நான் வந்தப்புறம்தான் சொல்றாங்க. அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல.

இப்ப இருக்கற செட்டப்ப அப்படியே சொல்லிடறேன். வீட்டுப் பின்ரூம் சுவிட்ச் போர்டுல இருக்கற 5 ஆம்ப் பிளக்குல இருந்து 23/76 ட்வின் பிளெக்ஸ் வயர் (எர்த் இல்லாத மெல்லிசான ரெட்டை வயர்) துணி காயப்போடற கம்பியோட சுத்தி 40 அடி போகுது, கொட்டகைக்குள்ள ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ மூங்கில்ல கயிறு போட்டுத் தொங்கவிட்டிருக்கறோம். அதுலதான் 20 வாட் எல்இடி டியூப் நாலு, 12 இஞ்ச் எக்ஸாஸ்ட் ரெண்டு, சுவத்து ஃபேன் ஒண்ணு, ஃபாகருக்கு (தண்ணிய பனி மாதிரி தெளிக்கறது) அரை எச்பி மோட்டார். எல்லாமே ரெண்டு பின் பிளக்குதான். வீட்ல எம்சிபி (ஓவர்லோடு, ஷார்ட் ஆனா விழற சுவிட்ச்) இருக்கு, ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா விழற சுவிட்ச்) இல்ல. முன்னாடி எர்த் குழி ஒண்ணு இருக்கு, ஆனா பின்ரூம் போர்டு வரைக்கும் எர்த் வயர் வருதான்னு தெரியல.

எந்த ஸ்கொயர் எம்எம் வயர் போடணும், ஒரு ஆர்சிசிபி மட்டும் வாங்கி மாட்டிட்டா போதுமா, நானே பண்ணலாமா இல்ல ஆளக் கூப்பிடணுமா? ஒரு கடையில சிவப்பு நீலம் கலந்த குரோ லைட்டு போட்டா மகசூல் கூடும்னு சொல்றாங்க, அதுக்கும் சேத்து வயரிங் பண்ணணுமான்னும் சொல்லுங்க.

தஞ்சை_வயர்மேன்

முதல்ல அந்த பிளக்க போர்டுல இருந்து உருவிடுங்க சார், இத படிச்ச உடனே. சுவிட்ச மட்டும் ஆஃப் பண்றது போதாது, ரெண்டு பின் பிளக்க திருப்பி சொருகினா ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறிடும், பாக்ஸுல இருக்கற சுவிட்ச் நியூட்ரல கட் பண்ணிட்டு ஃபேஸ் உள்ளயே நிக்கும். ரெண்டு மூணு நாளைக்கு டார்ச் வச்சு பறிச்சுக்கலாம், ஒண்ணும் குடி முழுகிடாது. ரெண்டாவது, அம்மாவ டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போய் நடந்தத சொல்லி ஒரு ஈசிஜி எடுத்துடுங்க. கை மரத்துப்போற அளவுக்கு அடிச்சிருக்குன்னா தானா சரியாயிடுச்சுன்னு விடக்கூடாது.

என்ன நடந்திருக்கும்னா, ஃபேன் மோட்டாருக்குள்ள ஈரம் ஏறி காயில்ல இருந்து பாடிக்கு கரண்ட் கசிஞ்சிருக்கு. எர்த் வயர் இருந்திருந்தா அது அந்த வழியா போயிருக்கும். இல்லாததால பாடியே லைவா நின்னுகிட்டு யாராவது தொடட்டும்னு காத்திருந்திருக்கு, அவங்க வெறுங்கால்ல ஈர மணல்ல நின்னு தொட்டிருக்காங்க. காஞ்ச தரையில செருப்போட நிக்கிறவன் வாங்குற ஷாக்குக்கும் இதுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

இப்ப எம்சிபி ஏன் விழலன்னு கேப்பீங்க. இத நான் போற வீட்டுல எல்லாம் சொல்றேன். நம்ம பக்கம் எர்த்ங்கறது அவங்கவங்க வீட்டு மண்ணுல பொதைச்ச பைப்புதான். அந்த குழி நல்லா இருந்து 10 ஓம்ஸ் காட்டுதுன்னு வச்சுக்கோங்க, ஃபேஸ் நேரா பாடியில ஒட்டினாகூட 230ஐ 10ஆல வகுத்தா 23 ஆம்ப்தான் ஓடும். 16 ஆம்ப் சி கர்வ் (மோட்டார் மாதிரி லோடுக்குப் போடற வகை) எம்சிபி படக்குனு விழ 80 ஆம்ப்ல இருந்து 160 ஆம்ப் வரைக்கும் வேணும். 23 ஆம்ப்ல அது சூடாகி விழ ஒரு மணி நேரம்கூட ஆகலாம். அதனால எம்சிபி வயரத்தான் காப்பாத்தும், ஆளக் காப்பாத்தாது. ஆளுக்கு ஆர்சிசிபி, 30 மில்லி ஆம்ப் கசிஞ்சாலே விழறது. ஆனா ஆர்சிசிபி ஓவர்லோடுக்கு விழாது, ரெண்டும் வேணும். எர்த்தும் வேணும்: எர்த் இருந்தா கசிவு ஆரம்பிச்ச உடனேயே விழும், எர்த் இல்லன்னா ஒரு ஆளு தொட்டப்புறம்தான் விழும்.

உங்க லோடு ஜாஸ்தி இல்ல. லைட்டு 80 வாட், மூணு ஃபேனும் சேத்து 200க்குள்ள, மோட்டார் இழுக்கறது ஒரு 550. நாலஞ்சு ஆம்ப்தான். வயர் சைஸ் உங்க பிரச்சனையே இல்ல, 2.5 ஸ்கொயர் எம்எம் காப்பர் தாராளம். மெயின் போர்டுல இருந்து கொட்டகைக்குன்னே தனி லைன் எடுங்க: 25 ஆம்ப் டபுள் போல் ஆர்சிசிபி, அதுக்கு அப்புறம் லைட்டு ஃபேனுக்கு 6 ஆம்ப், மோட்டாருக்கு 10 ஆம்ப் சி கர்வ் எம்சிபி. முக்கியமா கொட்டகையோட நியூட்ரல் அந்த ஆர்சிசிபி வழியாத்தான் திரும்பணும். பக்கத்து போர்டுல நியூட்ரல் இருக்கே, அதுலயே கட்டிடலாம்னு செஞ்சா லைட்டு போட்ட நிமிஷமே ட்ரிப் ஆகும். வீட்ல இன்வெர்ட்டர் இருந்தா இந்த குழப்பம் இன்னும் ஜாஸ்தியா வரும்.

40 அடியும் மண்ணுக்குள்ள போறதுதான் நல்லது. 3 கோர் ஆர்மர்ட் கேபிள் ரெண்டரை அடி ஆழத்துல, மேல மணல் போட்டு செங்கல் பரப்பி மூடுங்க, பின்னாடி யாராவது வாழைக்குழி தோண்டும்போது மம்பட்டி முதல்ல செங்கல்ல படட்டும். கேபிள் மேல இருக்கற அந்த இரும்புக் கவசத்தையும் எர்த்தோட சேக்கணும்.

சுவிட்ச் போர்டு கொட்டகைக்குள்ள வேணாம். வாசலுக்கு வெளியில, நெஞ்சு உயரத்துல, மூடி போட்ட, தூசி தண்ணி உள்ள போகாத ஐபி65 பெட்டி. வயர் பெட்டிக்கு அடிப்பக்கமா நுழையட்டும், நுழையறதுக்கு முன்னாடி ஒரு சாண் கீழ தொங்கி வளைஞ்சு மேல வரட்டும், அப்பதான் வயர் மேல வழிஞ்சு வர்ற தண்ணி அந்த வளைவுலயே சொட்டிடும், உள்ள போகாது. வயர் நுழையற ஓட்டையில கிளாண்டு (வயர சுத்தி இறுக்கிப் பிடிக்கற மூடி) போட்டு இறுக்கணும், ஓட்டைய பழைய துணியால அடைக்கறத எல்லாம் பாத்திருக்கேன்.

எர்த்த பத்தி ஒண்ணு. பின்ரூம்ல எர்த் வரலன்னா யாராவது பிளக்குல நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு வயரால சேத்துடலாம்னு சொல்வாங்க. செய்யவே விடாதீங்க. எங்கயாவது நியூட்ரல் அந்துச்சுன்னா உங்க ஃபேன் பாடி, மோட்டார் பாடி எல்லாம் 230 வோல்ட்ல நிக்கும்.

நீங்களே பண்ணலாமான்னா, பள்ளம் தோண்டுங்க, பைப் அடிங்க, கிளாம்ப் போடுங்க. மெயின் போர்டு வேலையும் எர்த் டெஸ்ட்டும் லைசென்ஸ் உள்ள வயர்மேன் பண்ணட்டும். டெஸ்டர் ஸ்க்ரூடிரைவர்ல எர்த் நல்லா இருக்கான்னு தெரியாது, எர்த் டெஸ்டர் வச்சு ஓம்ஸ் பாத்து உங்களுக்குக் காட்டச் சொல்லுங்க. பழைய ஃபேன் ரெண்டையும் மெக்கர் (இன்சுலேஷன் நல்லா இருக்கான்னு பாக்கற மீட்டர்) வச்சுப் பாக்காம திரும்ப மாட்டாதீங்க.

திண்டுக்கல்_காளான்அக்கா

தம்பி, வீட்ல எப்படி இருக்காங்க இப்போ? டாக்டர்கிட்ட போனீங்களா?

அண்ணன் சொன்னது ஷாக்க பத்தி. நான் தீயப் பத்திச் சொல்லணும், ஏன்னா எங்க பழைய கொட்டகையும் உங்கள மாதிரி கீத்துதான். எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்குள்ள போற வயர்ல ஒரு ஒட்டு இருந்துச்சு, வெறும் முறுக்கி இன்சுலேஷன் டேப் சுத்தினது, ஈரத்துல டேப்போட பசை இளகி உரிஞ்சு தொங்கிட்டே இருக்கும், நானும் பாக்கறப்ப எல்லாம் திரும்ப சுத்தி விடுவேன். ஒரு நாள் ராத்திரி 11 மணி இருக்கும், என் மாமியார்தான் எந்திரிச்சு ஏதோ கருகற வாடை வருதுன்னு சொன்னாங்க. போய்ப் பாத்தா ஒட்டுக்கு மேல கீத்துல ஒரு தட்டு அளவுக்கு ஓட்டை, ஓரமெல்லாம் கங்கு மாதிரி செவப்பா ஊர்ந்துகிட்டு இருக்கு. கீழ எல்லாம் சொதசொதன்னு ஈரம், ஆனா கூரைக்கு மேல்பக்கம் வெயில்ல காஞ்சு சருகா இருக்கும்ல, அது பத்துறதுக்கு ஒரு பொறி போதும். மெயின ஆஃப் பண்ணிட்டு கூரையப் பிடுங்கிப் போட்டுத்தான் அணைச்சோம். தண்ணி குடம் கையில இருந்துச்சு, ஆனா மெயின் ஆஃப் பண்ற வரைக்கும் ஊத்தக் கூடாதுன்னு வீட்டுக்காரர் கத்தினது இன்னும் காதுல இருக்கு.

அதனால கீத்துக்குள்ள செருகி வயர் கொண்டுபோகவே போகாதீங்க. எலியும் அணிலும் கூடு கட்டற இடம் அது, பிவிசி தோல கொறிச்சு வச்சிரும், வெளியில இருந்து தெரியாது. நாங்க இப்ப நடுக்கால்லயே பிவிசி பைப் அடிச்சு கூரையில இருந்து ஒரு முழம் கீழதான் லைட்டு எல்லாம் தொங்குது. கொட்டகைக்குள்ள ஒட்டே கிடையாது, ஒவ்வொரு லைட்டுக்கும் வெளிப்பெட்டியில இருந்து தனித்தனி வயர். வயர் கொஞ்சம் கூடுதலாச்சு, பரவாயில்ல. லைட்டும் முழுக்க மூடின வெதர்ப்ரூஃப் டியூப், ரெண்டு பக்கமும் ரப்பர் வச்சது. சாதா பேட்டன் எங்களுக்கு நாலு மாசத்துல உள்ள துருப்பிடிச்சுப் போயிடும்.

குரோ லைட்டு வாங்காதீங்க தம்பி. அது கீரைக்கும் செடிக்கும். காளானுக்கு பச்சையமே இல்ல, அது வைக்கோல்ல இருந்து சாப்பிடுது, வெளிச்சத்துல இருந்து இல்ல. வித்து பரவுற 15-20 நாளு இருட்டே போதும், அப்புறம் பேப்பர் படிக்கற அளவு வெளிச்சம் இருந்தா மொட்டு வரும். காம்பு நீண்டு குடை சின்னதா வருதுன்னா அது பெரும்பாலும் காத்து பத்தாம கார்பன் டை ஆக்சைடு தேங்கறது, காச ஃபேனுல போடுங்க.

ஃபேன பத்தி இன்னொண்ணு, கரண்டுக்காரங்களுக்குத் தெரியாது, நமக்குத்தான் தெரியும். பறிக்க ஒரு நாள் தாமதமானா சிப்பிக்காளான் தூள் தூளா ஸ்போர் விடும்ல, அது அத்தனையும் எக்ஸாஸ்ட் வழியாத்தான் போகுது. இறக்கையில வெள்ளையா மாவு மாதிரி படியும், ஈரத்துல குழைஞ்சு பசையாயி மோட்டார் உள்ள போய் அடைச்சுக்கும். மோட்டார் காயில் வெளிய தெரியற மாதிரி திறந்து இருக்கற ஃபேன் வாங்கவே வாங்காதீங்க, முழுக்க மூடின மோட்டாரா கேட்டு வாங்குங்க. பத்து நாளைக்கு ஒருக்கா துடைக்கணும், பிளக்க கழட்டி கையில வச்சுகிட்டு துடைக்கணும், மூக்குல மாஸ்க் போட்டுக்கிட்டு. அந்தத் தூள் நெஞ்சுக்கும் ஆகாது.

மதுரை_12வோல்ட்

லைட்டுக்கு மட்டும் ஒரு யோசனை. நாலு டியூப்பையும் 230ல ஓட்டணும்னு என்ன இருக்கு, 12 வோல்ட் டிசி எல்இடியா மாத்திட்டா தண்ணி தெளிக்கற இடத்துல லைட்டுக்குன்னு 230 வோல்ட்டே வராது. வெளிப்பெட்டியில ஒரு நல்ல எஸ்எம்பிஎஸ் (230 வோல்ட்ட 12 வோல்ட் டிசியா மாத்தற பெட்டி) வச்சு உள்ள 12 வோல்ட் மட்டும் அனுப்புங்க. ஆனா வோல்ட் கம்மின்னா ஆம்ப் ஜாஸ்தி, அத நிறைய பேரு மறந்துடறாங்க. 60 வாட்டுக்கு 5 ஆம்ப் ஓடும், 10 மீட்டர் தூரத்துக்கு 1 ஸ்கொயர் எம்எம் போட்டா வயர்லயே 2 வோல்ட் கிட்ட போயிடும், கடைசி லைட்டு மங்கிடும். 2.5 போட்டா முக்கால் வோல்ட்டுக்குள்ள நிக்கும். ஷாக் அடிக்காதே தவிர 12 வோல்ட்டும் ஷார்ட் ஆனா கீத்த கொளுத்தும், அதனால எஸ்எம்பிஎஸ் வெளிய வர்ற இடத்துலயே ஃபியூஸ் ஒண்ணு கண்டிப்பா வைங்க.

டைமர் போடறதா இருந்தா ஒரு வார்த்தை. டைமர்ல 16 ஆம்ப்னு போட்டிருக்கறது ஹீட்டர் மாதிரி லோடுக்கு. மோட்டாருக்கும் எல்இடி டிரைவருக்கும் ஆன் ஆகற நொடியில பல மடங்கு இழுக்கும், உள்ள இருக்கற ரிலே பாயிண்ட் ஒட்டிக்கிட்டு ஆஃப் ஆகவே ஆகாது. டைமர் ஒரு காண்டாக்டர (மோட்டார் லோட தாங்கற பெரிய ரிலே) இயக்கட்டும், காண்டாக்டர் மோட்டார இயக்கட்டும்.

கோபி_சிப்பிக்காளான்

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. டாக்டர பாத்தாச்சு அக்கா, ஈசிஜி நல்லா இருக்கு, பயப்பட வேண்டாம்னுட்டாங்க. அவங்க இப்ப கொட்டகைக்குள்ள ரப்பர் செருப்பு இல்லாம போறதே இல்ல.

வேலை போன சனி ஞாயிறுல முடிஞ்சுது. பள்ளம் நானும் பையனும் தோண்டினோம், ஆர்மர்ட் கேபிள், வெளிப்பெட்டி, வெதர்ப்ரூஃப் டியூப் எல்லாம் சொன்ன மாதிரியே. எர்த் குழி பாத்தா பைப்போட கிளாம்ப் துருப்பிடிச்சு கையில எடுத்தா உதிருது, 60 ஓம்ஸுக்கு மேல காட்டுச்சு. கொட்டகைக்கும் வீட்டுக்கும் நடுவுல புதுசா ஒரு குழி போட்டு பழசையும் சரி பண்ணி ரெண்டையும் சேத்ததுக்கு அப்புறம் 6 வந்துச்சு.

இப்ப புதுப் பிரச்சனைங்க. ஆர்சிசிபி தினமும் சாயங்காலம் விழுந்துருது. பகல்ல பூரா நல்லா நிக்குது, 5.30க்கு ஃபாகர் ஓட்டறோம், 6 மணி வாக்குல படார்னு விழுது, திரும்ப மேல தூக்கினா நிக்க மாட்டேங்குது, காலையில தூக்கினா நிக்குது. வேலை பாத்தவர் போன்ல 30 மில்லி ஆம்ப் ரொம்ப சென்சிட்டிவ், 100 மாட்டிடலாம், இல்லன்னா காளான் சீசன் முடியற வரைக்கும் பைபாஸ் பண்ணித் தரேங்கறாரு. ஃபேன் நிக்கறதால பெட்ல ரெண்டு மூணு அழுகவும் ஆரம்பிச்சிருச்சு. என்ன பண்ணட்டுங்க?

தஞ்சை_வயர்மேன்

பைபாஸும் வேணாம் 100ம் வேணாம். 100, 300 எல்லாம் தீயத் தடுக்கறதுக்கு மெயின்ல வைக்கறது, ஆளு தொடுற இடத்துக்கு 30தான். உங்க ஆர்சிசிபி சரியாத்தான் வேலை செய்யுது, போன மாசம் அம்மா கையில கண்டுபிடிச்சத இப்ப அது கண்டுபிடிக்குது.

நீங்க சொல்ற நேரமே பாதி பதில் சார். நியூட்ரல் மாறியிருந்தா லைட்டு போட்ட உடனே விழும். ஃபாகர் ஓடி அரை மணி கழிச்சு விழுது, காலையில காஞ்சதும் நிக்குதுன்னா ஏதோ ஒண்ணுக்குள்ள ஈரம் போகுது. பழைய ஃபேனையே திரும்ப மாட்டிட்டீங்களா?

கண்டுபிடிக்கறது இப்படி. சாயங்காலம் விழுந்த உடனே, காய விடாம, எல்லா பிளக்கையும் கழட்டுங்க. எம்சிபிய கீழ தள்ளினா போதும்னு நினைக்காதீங்க, சிங்கிள் போல் எம்சிபி ஃபேஸ மட்டும்தான் கட் பண்ணும், நியூட்ரல் ஒட்டிக்கிட்டேதான் இருக்கும், நியூட்ரல் எர்த்ல படுதுன்னா அப்பவும் விழும். அதனால பிளக்கயே உருவணும். எல்லாம் உருவினப்புறம் ஆர்சிசிபி நின்னா கேபிள் நல்லா இருக்கு. அப்புறம் ஒண்ணொண்ணா சொருகுங்க. எதுல விழுதோ அதுதான் ஆளு. யாரும் ஃபேனையோ மோட்டாரையோ தொடக்கூடாது அந்த நேரத்துல. ஒண்ணுலயும் விழாம எல்லாம் சேந்தா மட்டும் விழுதுன்னா ஒவ்வொண்ணும் கொஞ்சங்கொஞ்சம் கசியுது, 30ன்னு எழுதியிருந்தாலும் 15க்கு மேல எப்ப வேணா விழலாம், அப்ப மோட்டாருக்குத் தனியா ஒரு ஆர்சிசிபி போட்டு பிரிச்சுடலாம்.

கோபி_சிப்பிக்காளான்

கண்டுபிடிச்சாச்சுங்கண்ணா. ஆமா, பழைய எக்ஸாஸ்ட் ரெண்டையும் திரும்ப மாட்டிட்டோம், காசு மிச்சம் பண்ணலாம்னு வேலை பாத்தவர் சொன்னாரு, நானும் சரின்னுட்டேன், தப்புதான். நேத்து விழுந்த உடனே எல்லாத்தையும் உருவி ஒண்ணொண்ணா சொருகினோம், மேற்கு பக்க எக்ஸாஸ்ட் சொருகறப்ப படார். அன்னைக்கு அவங்களுக்கு அடிச்சதும் அதே ஃபேன்தான். கழட்டி வெளியில கொண்டாந்து பின்னாடி மூடியத் திறந்தா, அக்கா சொன்ன மாதிரியே, கனெக்டர சுத்தி வெள்ளையா தோசை மாவு கணக்கா பசை, அதுக்குள்ள தண்ணி நிக்குது, ஒரு திருகாணி பச்சையா பூத்துப்போயி கெடக்கு. பக்கத்து ஊர்ல இருந்து ஒருத்தர் மெக்கர் கொண்டாந்தாரு, வச்சா பூஜ்யத்த விட்டு நகரவே இல்ல, இன்சுலேஷன் மொத்தமா போச்சு. இன்னொரு ஃபேன் 2 மெகா ஓம்ஸ் காட்டுது, ஆனாலும் ரெண்டையும் எடுத்தாச்சு. மூடின மோட்டாரா ரெண்டு புதுசு வாங்கி, ஃபாகர் நேரா அடிக்காத பக்கமா இடத்த மாத்தி மாட்டியிருக்கறோம்.

நேத்தும் இன்னைக்கும் ஃபாகர் ஓட்டி ராத்திரி 9 மணி வரைக்கும் பக்கத்துலயே உக்காந்திருந்தேன், விழல. ஆர்சிசிபில அந்த டெஸ்ட் பட்டன் இருக்குல்லங்க, அத எத்தனை நாளைக்கு ஒருக்கா அமுத்திப் பாக்கணும்?

தஞ்சை_வயர்மேன்

மாசம் ஒருக்கா. அமுத்தினா உடனே விழணும், விழலன்னா அன்னைக்கே ஆர்சிசிபிய மாத்தணும். எர்த் குழிக்கு கோடையில வாரம் ரெண்டு குடம் தண்ணி ஊத்துங்க. பட்டன அம்மாவையே அமுத்தச் சொல்லுங்க, பகல்ல அங்க நிக்கிறது அவங்கதானே, மெயின் எங்க இருக்கு எது எதுக்குன்னு பெட்டி மூடியிலயே தமிழ்ல எழுதி ஒட்டிடுங்க.

திண்டுக்கல்_காளான்அக்கா

தம்பி அந்த அழுகின பெட்ட எல்லாம் இன்னைக்கே வெளிய தூக்கிடுங்க, பச்சைப் பூஞ்சை பக்கத்து பெட்டுக்கும் ஏறிடும். ஃபேன் போட்டு விட்டுட்டு எடுக்காதீங்க, நிறுத்திட்டு ஒவ்வொண்ணா பையில போட்டுக் கட்டி எடுங்க.

கோபி_சிப்பிக்காளான்

சரிங்க்கா, நாளைக்குக் காலையில மொத வேலையே அதுதான். பெட்டி மூடியில எழுதியாச்சுங்கண்ணா, பையன் ஸ்கெட்ச்ல பெருசா "லைட்டு", "ஃபேன்", "மோட்டார்"னு எழுதி மேல செல்லோ டேப் ஒட்டியிருக்கான்.